புள்ளிக்கு ஒரு வால்

அக்டோபர் 9, வியாழன்

இன்றைய பிழை: ஒரு புள்ளியை டிக் என்று படித்தேன். படித்ததோடு நிற்காமல் பட்டியலில் ஏற்றி, கையெழுத்தும் போட்டு, நேற்றே மேலே, விமானத் துறைக்கு, அனுப்பிவிட்டேன்.

தரச் சோதனை மாலை வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் இதுதான் வீட்டுப்பாடம். தினமும் ஒரு பக்கம்: அன்று செய்த பிழை, அது எப்படித் தெரியவந்தது, மறுநாள் செய்ய வேண்டியது. பிழையே இல்லாத நாளில் "பிழை இல்லை" என்று எழுதலாம். இந்த ஐந்து வாரத்தில் நான் ஒரு நாள்கூட அப்படி எழுதியதில்லை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இது ஒழுங்கா, வியாதியா என்று எனக்கே தெரியாது. வீட்டில் அக்கா எனக்கு வைத்த பெயர் ரப்பர். எழுதுவதைவிட அழிப்பது அதிகமாம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விமான நிறுவனத்தில், விமானிகளின் பயிற்சிப் பதிவுகளை வைத்திருக்கும் அறையில் நான் எழுத்தர். அறையின் ஜன்னலுக்கு வெளியே எங்கள் விமானங்கள் இயந்திரங்களின் வாயில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நிற்கின்றன. எரிமலைச் சாம்பல் வானத்தை அடைத்து இன்றோடு நூற்று இருபத்திரண்டு நாள். துடைத்த மேசையில் மறுபடி சாம்பல் படிவது இந்த வாரம்தான் நின்றது. திங்கட்கிழமை முதல் பறக்கலாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

வானம் திறந்தால் போதாது. கடைசித் தொண்ணூறு நாளில் மூன்று தடவையாவது தன் கையால் விமானத்தை ஏற்றி இறக்கிய விமானிதான் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகலாம். நான்கு மாதம் சும்மா இருந்ததில் எல்லோருக்கும் கெடு தாண்டிவிட்டது. அதனால் எங்களிடம் இருக்கும் ஒரே சிமுலேட்டரில், விமானி அறை மாதிரியே செய்து கால்களில் நின்று ஆடும் பெட்டியில், இருவர் இருவராக உட்கார்ந்து பயிற்சி முடிக்கிறார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பக்கத்திலிருந்து கவனிப்பார். பிறகு மாறிக்கொள்வார்கள். பயிற்சி கொடுக்கும் கேப்டன் பின்னாலிருந்து தாளில் குறிப்பார். ஓட்டியவருக்கு டிக், பார்த்தவருக்குப் புள்ளி. அவர் பேனாவைத் தொடமாட்டார். பென்சில் கேப்டன் என்றால்தான் யாருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை, நான்காம் தேதி, சாம்பல் தூசு அடைத்துக் குளிரூட்டி நின்றது. சிமுலேட்டரை அவசரமாக நிறுத்தினார்கள். அப்போது உள்ளே இருந்த ஜோடியில் கேப்டனுக்கு மூன்று தரையிறக்கமும் முடிந்திருந்தது. துணை விமானிக்கு இரண்டு. மறுநாள் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அடுத்த ஜோடிகள் வரிசையில் புகுந்துவிட்டார்கள். துணை விமானியின் மூன்றாவது தரையிறக்கம் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

இன்று பதினோரு மணிக்கு அசல் தாள்களைக் கோப்பில் அடுக்கும்போது அந்தத் துணை விமானியின் தாளைப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் இருந்தது டிக் இல்லை. மழுங்கிய பென்சிலில் அழுத்தி வைத்த புள்ளி, கொஞ்சம் இழுபட்டிருந்தது. ஜன்னலருகே போய்ப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன். கண்ணாடியில் பெரிய புள்ளியாகத் தெரிந்தது.

பென்சில் கேப்டனுக்குப் போன் செய்தேன்.

"அது புள்ளிதாம்ப்பா. அந்தப் பொண்ணு அப்ப பார்த்துட்டுதான் இருந்தா. அடுத்தது அவ முறை, அதுக்குள்ள பெட்டி நின்னு போச்சு. ஏன், உனக்கு என்னன்னு தெரிஞ்சுது?"

"டிக்குன்னு சார்."

"சரியாப் போச்சு. என் பென்சிலைச் சீவாதது தப்பு. நீ கேட்காம விட்டது அதைவிடத் தப்பு."

மற்ற முப்பத்தைந்து தாள்களையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பிழை அந்த ஒன்றில்தான்.

அந்தத் துணை விமானி என் அக்கா. திங்கட்கிழமையின் முதல் விமானத்தில் அவள் பெயர் இருக்கிறது.

மாலை வகுப்பில் பக்கத்து இருக்கை லிஃப்ட் சோதனைக்காரரிடம், யார் என்று சொல்லாமல், விஷயத்தை மட்டும் சொன்னேன். "எங்க தொழில்ல பார்த்தவன் பேரை ஓட்டினவன்னு எழுதினா மாமியார் வீடுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லவுமில்லை. அவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை: ரோஸ்டர் மேலாளரிடம் சொல்வது.


அக்டோபர் 10, வெள்ளி

இன்றைய பிழை: "முடியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "யோசிக்கிறேன் சார்" என்றேன்.

எந்த விமானத்துக்கு யார் என்று முடிவு செய்பவர் ரோஸ்டர் மேலாளர். எந்த வாக்கியத்தையும் "உடனே" என்று ஆரம்பிப்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் உடனே சார். ஆள் கெட்டவர் இல்லை. நான்கு மாதமாக ஒரு விமானத்தையும் அனுப்ப முடியாமல் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். திங்கட்கிழமைக் கட்டங்கள் எல்லாம் நிரம்பிய பலகைக்கு முன்னால் இன்று மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

நான் தாளை நீட்டினேன். விளக்கினேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது புள்ளியா?"

"ஆமா சார்."

"உடனே ஒண்ணு சொல்லு. அவங்க அந்த லேண்டிங்கப்ப உள்ளதானே உட்கார்ந்திருந்தாங்க? கண்ணைத் திறந்துதானே இருந்தாங்க?"

"பார்த்தது வேற, ஓட்டினது வேற சார்."

"எட்டு வருஷமா ஓட்டுறவங்கய்யா! மூணாவது தடவை இறக்கினாத்தான் ஞாபகம் வருமா? நான் நாலு மாசமா சைக்கிள் தொடல, மறந்தா போச்சு?"

சைக்கிளில் நூற்று எண்பது பேரை ஏற்றுவதில்லை என்று சொல்லத் தோன்றியது. அது தோன்றும்போது நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். என் நல்ல பதில்கள் எல்லாமே படிக்கட்டில்தான் வரும்.

"மாத்து ஆள் இல்லை சார்?"

"எங்க இருக்கு? தகுதியான எல்லாரையும் பலகையில போட்டாச்சு. ஒருத்தரை எடுத்தா ஒரு விமானம் நிக்கும். பட்டியல் மேல போயாச்சு. இப்போ போய்த் தப்புன்னு சொன்னா விமானத் துறைக்காரன் மொத்தப் பட்டியலையும் சந்தேகப்படுவான். திங்கட்கிழமையே கிடையாதுன்னுடுவான்." குரலைத் தணித்தார். "இது பென்சில்தானே?"

"ஆமா சார்."

"ஒரு புள்ளிக்கு ஒரு வால் போட்டா என்ன ஆகும்?"

நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"டிக் ஆகும். அவ்வளவுதான். உன் அக்காதானே? அவங்க நாலு மாசம் எப்படித் தவிச்சிருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவளோட சாப்பாட்டுத் தட்டுல மண்ணைப் போடுவியா?"

அப்போதுதான் "யோசிக்கிறேன் சார்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தோள் இன்னும் உறுத்துகிறது.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். திரும்பும் வழியில் சிமுலேட்டர் முன்பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஞாயிறு வரை ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஆனால் ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை "விருந்தினர் பார்வை" என்று எழுதியிருந்தது. மறுதொடக்கத்தை ஒட்டி மேலிடத்து விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள இரண்டு மணி நேரம். ஒரு தரையிறக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். வாசல் கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, அதன் பிறகு சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வெடித்தாள்.

"டேய், வெளியாள் செஞ்சிருந்தா பரவாயில்ல. நீயே டிக் போடுவ, நீயே வந்து அழிப்பியா? ரப்பர்னு பேர் வச்சது தப்பே இல்லடா!"

"அக்கா, அழிக்கல. இருந்தது புள்ளிதான்."

"ரெண்டாயிரம் தடவை இறக்கியிருக்கேன். ரெண்டாயிரம்! ஒண்ணு குறைஞ்சா குடி முழுகிடுமா?"

அடுத்த அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்னடி சத்தம்? திங்கட்கிழமை போறதானே? நாலு மாசமா வீட்டுல உட்கார்ந்து என் உயிரை வாங்கினது போதாதா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, "வா, உட்காரு" என்றாள்.

இது எங்கள் வீட்டில் நான்கு மாதமாக நடக்கும் கூத்து. அவள் அறைச் சுவரில், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், விமானி அறையின் பொத்தான்களை எல்லாம் அளவு மாறாமல் வரைந்து ஒட்டியிருக்கிறாள். முன்னால் இரண்டு சாப்பாட்டு மேசை நாற்காலிகள். நடுவில் ஒரு முக்காலி, அதில் இரண்டு மரக்கரண்டிகள்: இயந்திர விசைக்கு. சக்கரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு ஒரு குழிக்கரண்டி. தினமும் ஒரு மணி நேரம் அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பவர் சொல்ல வேண்டியதைத் தாளைப் பார்த்துப் படிப்பேன்.

"என் கரண்டியை எடுத்துக்கிட்டு இன்னைக்கு எந்த நாட்டுக்குப் பயணம்டி?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஓடுபாதை தெரியுதும்மா, பேசாதே" என்றாள் அக்கா.

அவள் கோபத்தில் இருந்தாலும் கைகள் மெதுவாகத்தான் நகர்ந்தன. ஆயிரம் அடி. ஐந்நூறு. நான் அடிகளைப் படித்துக்கொண்டே வந்தேன். இருநூறில் எனக்கு என்ன தோன்றியதோ, தாளில் இல்லாததைச் சொன்னேன். "ஓடுபாதையில வண்டி நிக்குது!"

தரையிறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலே ஏற வேண்டும். "கோ அரவுண்ட்" என்றாள் உடனே. மரக்கரண்டிகளை முன்னால் தள்ளினாள். சரி. மூக்கைத் தூக்கினாள். சரி. இனி விமானம் உண்மையாகவே ஏறுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் மானியைப் பார்த்து "பாசிட்டிவ் கிளைம்ப்" என்று சொல்ல வேண்டும். அது என் வசனம். அதைக் கேட்ட பிறகுதான் ஓட்டுபவர் சக்கரத்தை மடக்கச் சொல்ல வேண்டும். ஏறாத விமானத்தில் சக்கரத்தை மடக்கினால் வயிறுதான் தரையில் உரசும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "பாசிட்டிவ் கிளைம்ப். கியர் அப்."

மானி இருக்கும் தாளை அவள் பார்க்கவேயில்லை.

"அக்கா, அது என் வசனம்" என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. குழிக்கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மறுபடி" என்றாள்.

மறுபடி செய்தோம். சரியாக வந்தது. மூன்றாவது தடவையும் சரி. நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டே செய்வாள் போலிருந்தது.

"பார்த்தியா, வருதுல்ல" என்றேன்.

"முதல் தடவைதாண்டா கணக்கு. மேல போய், தப்பாயிடுச்சு, மறுபடின்னு கேட்க முடியுமா?"

"கோ அரவுண்டே மறுபடிதானேக்கா?"

தலையணை பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவள் கால்களை மேலே தூக்கி நாற்காலியில் மடித்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது மாதிரி சொன்னாள். "சனிக்கிழமை கடைசியா நான் பார்க்கிற சீட்லதான் இருந்தேன். பெட்டி நிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா நான் சொன்னது அதுதான். பாசிட்டிவ் கிளைம்ப். அந்த வாய்தாண்டா இன்னும் இருக்கு. ஓட்டுற வாய் இன்னும் வரல." குழிக்கரண்டியைக் கையில் எடுத்துப் புரட்டினாள். "எனக்குத் தெரியாமலே ரெண்டு பேர் வேலையை ஒருத்தியே செஞ்சுட்டேன், பார்த்தியா."

"உடனே சார் வால் போடச் சொல்றார்" என்றேன். காலையிலிருந்து அதை மட்டும் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"என்னது?"

"புள்ளிக்கு ஒரு வால். டிக் ஆயிடுமாம்."

அவள் எழுந்து நின்றாள். இஸ்திரி போட்டுத் தொங்கிய சீருடையை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினாள். "என் கட்டத்துல எவனாவது வால் போட்டான், கையை ஒடிச்சிடுவேன். நீ போட்டாலும் சரி."

நாளை: திருத்தக் கடிதம். மூன்று நகல். மேலாளரைப் பார்ப்பதற்கு முன் முத்திரை.


அக்டோபர் 11, சனி

இன்றைய பிழை: கடிதத்தில் தேதியை 10 என்று எழுதிவிட்டேன். அழிக்கவில்லை. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 11 என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்தேன். தவறு என்ன என்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னது முதல் தடவையாக உபயோகப்பட்டது. எங்கள் அறையில் இருக்கும் பட்டியல் நகலிலும் அதே மாதிரி அக்காவின் பெயருக்கு எதிரே இருந்த "தகுதி"யைக் கோடு போட்டு அடித்து, "இரண்டு மட்டும். ஒன்று மீதம். எழுத்தரின் வாசிப்புப் பிழை" என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் படிக்க முடிகிறது.

காலை 9.05க்குத் தபால் பிரிவில் மூன்று நகலிலும் முத்திரை வாங்கினேன். ஒன்று பாதுகாப்புப் பிரிவுக்கு. ஒன்று பென்சில் கேப்டனுக்கு. மூன்றாவதை எடுத்துக்கொண்டு உடனே சாரின் அறைக்குப் போனேன். அக்கா வாசலில் காத்திருந்தாள், விடுமுறை உடையில். நானும் வருகிறேன் என்று நேற்று அவள் சொல்லவேயில்லை. எனக்கு முன்னால் அவளே கதவைத் திறந்தாள்.

உடனே சார் கடிதத்தைப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"உடனே இதைக் கிழிச்சுப் போடு."

"கிழிக்கலாம் சார். இது நகல்தான்."

இந்த ஒரு பதில் மட்டும் படிக்கட்டுக்குக் காத்திருக்காமல் அறையிலேயே வந்துவிட்டது.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. தம்பி சின்னப் பிள்ளைத்தனமா பண்றான்."

"நான்தான் சார் பண்ணச் சொன்னேன். நான் இன்னும் தயாரா இல்லை."

"தயாரா இல்லைன்னு நீங்களே சொல்லலாமா? ஊரெல்லாம் நாளைக்கு இதையே பேசும். ரெண்டாயிரம் லேண்டிங் பண்ணவங்க!"

"அதனாலதான் எனக்குத் தெரியுது. வீட்டுல நாற்காலியில உட்கார்ந்தே தப்பு பண்ணேன்."

"நாற்காலியில யாரும் தப்பு பண்ணலாம்மா."

"அப்போ விமானத்துல உட்காருறதுக்கு என்ன பேரு சார்? அதுவும் நாற்காலிதான்."

அவர் மேசையைத் தட்டினார். "பட்டியல் மேல போயாச்சுங்க! மேல போனது கீழ வராது!"

"மேல போனதெல்லாம் கீழ வரும் சார்" என்றாள் அக்கா. "அதைப் பத்திரமா கீழ கொண்டு வர்றதுதான் எங்க வேலை."

வெளியே யாரோ சிரித்தது கதவு வழியாகக் கேட்டது. அதில்தான் அவருக்கு ரொம்பக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். என்னிடம் வந்தார். "ஒரு புள்ளிக்கு இவ்வளவு ஆட்டமா? ஆ? ஒரு புள்ளிக்கு?"

"ஸ்கூல்ல படிச்சோமே சார்" என்றாள் அக்கா, எனக்கு முன்னால். "புள்ளி வச்சாத்தான் மெய்."

நான் முன்பதிவுப் புத்தகத்தின் நகலை மேசையில் வைத்தேன். ஞாயிறு பத்து மணிக் கட்டத்தின் கீழே கோடு போட்டிருந்தேன். "பன்னிரண்டு நிமிஷம் போதும் சார். இரண்டு மணி நேரத்துல பன்னிரண்டு நிமிஷம். அக்கா இறக்கிட்டா திங்கட்கிழமை விமானமும் நிக்காது. பட்டியலும் பொய்யா இருக்காது."

"மேலிடத்து விருந்தாளிங்க உட்கார வர்ற நேரம் அது. அதைத் தொட்டா என் தலை போயிடும்."

"வால் போட்டா அவ தலை போகும் சார்." எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "அவளுக்குப் பின்னால உட்காருற நூத்து எண்பது பேரையும் சேர்த்துக்கங்க. நான் போட மாட்டேன். கடிதத்துல என் கையெழுத்தையும் வாபஸ் வாங்கிட்டேன். அந்தப் பட்டியல்ல இப்ப கையெழுத்தே இல்ல."

ஜன்னல் கண்ணாடியின் மூலைகளில் இன்னும் சாம்பல் ஒட்டியிருந்தது. உடனே சார் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமையிலிருந்து நீ பதிவு அறையில இருக்க வேண்டாம். ஸ்டோருக்குப் போ. லைஃப் ஜாக்கெட் எண்ணு."

"எண்ணுறேன் சார். ஒண்ணு குறைஞ்சாலும் எழுதுவேன்."

இருவரும் வெளியே வந்தோம். தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்தோம். பிறகு, "தண்ணி வேணும்டா, தொண்டை வறண்டு போச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. குழாயடியில் நின்று மாற்றி மாற்றிக் குடித்தோம்.

மதியம் பென்சில் கேப்டன் போன் செய்தார். கடிதம் அவருக்குக் கிடைத்திருந்தது. சிமுலேட்டருக்குள் யார் உட்காருவது என்பதைப் பயிற்சித் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். பயிற்சித் தலைவர் அவர்தான்.

"விருந்தாளிங்க சும்மா உட்கார்ந்து போட்டோ எடுத்தா அவங்களுக்கே போரடிக்கும்ப்பா. ஒரு நிஜ லேண்டிங்கைப் பின்னால நின்னு பார்க்கட்டும். பத்து மணிக்கு உன் அக்காவை வரச் சொல்லு. அன்னைக்கு அவளோட ஜோடியா உட்கார்ந்த கேப்டனும் வர்றேன்னுட்டார்."

அக்கா போனைப் பிடுங்கினாள். "சார், கோ அரவுண்டும் வேணும். எப்பன்னு எனக்குச் சொல்லக் கூடாது."

"சொல்லாமத்தான் கொடுப்பேன். தப்பாப் போனா?"

"தப்பாப் போனா புள்ளி போடுங்க."

"விருந்தாளிங்க முன்னாடியா?"

"யார் முன்னாடியா இருந்தா என்ன சார்."

உடனே சார் இதைத் தடுக்கப் பார்ப்பார். மேலிடத்துக்குப் போன் போயிருக்கும். நாளைக் காலை சிமுலேட்டர் கதவில் பூட்டு தொங்கினாலும் தொங்கும். கடிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது. பூட்டியிருந்தால் அந்தக் கதவுக்கு முன்னாலேயே நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். விருந்தாளிகள் வந்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது சொல்வோம்.

அக்கா இப்போது உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் இன்று அம்மா. தாளை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு, "பாசி... பாசிட்டி... இது என்னடி இழவு" என்று படிக்கிறாள். அக்கா காத்திருக்கிறாள். அம்மா முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை குழிக்கரண்டியைத் தொடவில்லை.

நாளை: காலை 9.40க்கு சிமுலேட்டர் அறை. புதுப் பென்சில் இரண்டு, இன்றிரவே சீவி வைக்க வேண்டும். சீவியும் கொண்டுபோக வேண்டும், வழியில் முனை ஒடிந்தால். அக்காவின் தாளில் மூன்றாவது டிக் இன்னும் பாக்கி. ஓட்டினால் டிக், பார்த்தால் புள்ளி. அங்கேயே, அவர் எழுதி முடித்ததும், எது என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.